தண்ணிக் கழிவு

அட்டன்
12.6.1961

மாப்பிள்ளை செல்லசாமிக்கு, மச்சான் ஆண்டியப்பன் எழுதிக்கொள்வது.

நான் சுகம். உன் அக்கா அழகம்மாவும் சுகம்தான், மழைதான் அவளுக்கு ஆகவில்லை. அவள் பறித்த கொழுந்தை நனைந்த கொழுந்து என்று சொல்லி, நிறுவையில் தண்ணிக் கழிவு என்று சில ராத்தலை வெட்டிவிடுகிறார்கள். வெட்டுகிறவர் கணக்கப்பிள்ளை, திட்டு வாங்குகிறவன் நான். உன் சுகம், தங்கச்சி நாகலெட்சுமி சுகம், மருமகன் முத்துலிங்கம் சுகம் எல்லாவற்றையும் எழுது.

ஒரு வெட்கக்கேட்டை நானே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொன்னால் கூட்டிச் சொல்வார்கள். போன சனிக்கிழமை நம் கிளப் மைதானத்தில் ரக்கர் மேட்ச், அந்த முட்டைப் பந்து விளையாட்டு. புல் வெட்டுவது, கோடு போடுவது, பந்துக்குக் காற்றடிப்பது எல்லாம் நான்தான் என்று உனக்குத் தெரியும். இரண்டு பக்கமும் எட்டெட்டுப் பேர் குனிந்து, தோளோடு தோள் கோத்து, கிடா மாதிரி முட்டித் தள்ளுவார்களே, ஸ்க்ரம் என்று. அதில் நம் ஆட்கள் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார்கள். மூன்று வருசமாக இதே கதைதான். நான் போட்ட சுண்ணாம்புக் கோட்டை நம் ஆட்களின் கால் சப்பாத்தே அழிக்கிறது. பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு பார்த்தால், நானும் மைதானத்துக்குள் இருக்கிறேன். கடைசியில் நின்ற துரையின் பின்பக்கத்தில் தோளைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருக்கிறேன்! ரெப்ரி விசிலை ஊதி, காதைப் பிடிக்காத குறையாக வெளியே அனுப்பினார். குடைகளுக்குக் கீழே துரைசாணிமார் ஒரே சிரிப்பு. உன் அக்கா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அந்த இரண்டு நாளும் நல்ல நிம்மதி.

கப்டனாக இருக்கிற நம் சின்னத்துரை கோபிக்கவில்லை. கூப்பிட்டு, "ஆண்டி, இன்னிக்கு நல்லாத் தள்ளினது நீ ஒருத்தன்தான்" என்றார். வெள்ளைக்காரர்கள் பாதிப் பேர் கப்பல் ஏறிவிட்டார்களாம், முன் வரிசையில் நின்று தள்ளக் கனத்த ஆள் இல்லையாம், இனிக் கண்டிக் காலேஜ்களில்தான் பிடிக்க வேண்டுமாம். நான் சும்மா இருப்பேனா? "என் மச்சினன் காலேஜ் போர்டிங் குசினியில சமைக்கிறான் தொரை. எந்தப் பையன் எவ்வளவு திங்கிறான்னு அவனுக்குத் தெரியாததா?" என்றேன். உடனே கை கொடுத்தார், மாப்பிள்ளை. என் கையெல்லாம் சுண்ணாம்பு. துடைக்கக்கூட விடவில்லை.

ஆகவே இந்த வருசத்தோடு படிப்பை முடிக்கிற, முன் வரிசையில் நிற்கிற கனத்த பையன் யார் என்று பார்த்து எழுது. வருகிறவனுக்குத் தோட்டத்தில் ஏதாவது உத்தியோகம் கொடுப்பார்கள். மைதானத்தில் துரைமாரோடு தலை கோத்துத் தள்ளலாம், கிளப் பாருக்குள் மட்டும் வரக்கூடாது. அது கமிட்டியின் தீர்மானம்.

முத்துலிங்கத்தின் காரியம் என் ஞாபகத்தில் இருக்கிறது. ஆபீசில் சின்னக் கிளாக்கர் இடம் மார்கழியில் காலியாகிறது. அவனுடைய மனு பெரிய கிளாக்கரின் மேசைமேல் இருக்கிறது, சின்னத்துரையிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். உன் சமையலைச் சாப்பிட்டு வளர்ந்தும் எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணினான் என்றால் அவன் லேசுப்பட்டவன் இல்லை.

உன் மேல் பட்சமுள்ள
ஆண்டியப்பன்


கண்டி
24.6.1961

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு, செல்லசாமி வணக்கமாக எழுதுவது.

இங்கே யாவரும் சுகம். அக்காவுக்கு மழையில் இருமல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் மைதானத்துக்குள் ஓடியதை வாசித்து நாகலெட்சுமி சிரித்ததில் குழம்பு அடிப்பிடித்தது. அன்றைக்குப் பிள்ளைகள் சாப்பிட்டது உங்கள் புண்ணியத்தில்.

நீங்கள் கேட்ட மாதிரி ஒருவர் இருக்கிறார். மர்சூக் என்று பெயர், கம்பளைப் பக்கம். வாப்பாவுக்குச் சீலைக்கடை. அண்ணன்மார் இரண்டு பேர் கடையில் இருப்பதால் இவருக்கு அங்கே வேலை இல்லை. குசினி வாசலில் வந்து நின்றால் உள்ளே இருட்டாகிவிடும். மற்றப் பிள்ளைகள் பாண் ரொட்டியைத் துண்டாக்கித் தின்பார்கள், இவர் பாணைப் பாணாகவே தின்பார். அரிசி மூட்டை நிறுக்கிற தராசில் ஏற்றிப் பார்த்தேன், இருநூறு ராத்தலுக்குக் கொஞ்சம்தான் குறைவு. மூட்டைக்காரன் தூக்க வந்துவிட்டான். குணமும் தங்கம். தின்ற கோப்பையைத் தானே கழுவி வைப்பார்.

முத்துலிங்கத்தைப் பற்றித் துரை கேட்டால், கணக்கில் கெட்டி, கையெழுத்து அச்சடித்த மாதிரி என்று சொல்லுங்கள். ஆள் மெலிவுதான். எழுதுகிற வேலைக்கு உடம்பு எதற்கு, மச்சான்? அவன் மூன்று இடத்துக்கு மனுப் போட்டான். இரண்டு இடத்தில் பிரஜாவுரிமைக் கடதாசி கேட்டுத் திருப்பிவிட்டார்கள். உங்கள் தோட்டம் ஒன்றைத்தான் நம்பியிருக்கிறோம்.

இப்படிக்கு
உங்கள் செல்லசாமி


அட்டன்
9.7.1961

மாப்பிள்ளைக்கு, இங்கே சுகத்துக்குக் குறைவில்லை, வெயிலுக்குத்தான் குறைவு.

மர்சூக் சங்கதியைச் சொன்னதும் சின்னத்துரை கதிரையை விட்டு எழும்பிவிட்டார். அடுத்த சனிக்கிழமையே கண்டிக்குக் கார் எடுத்துப் போய், அந்தப் பையன் விளையாடுவதைப் பார்த்துவிட்டு வந்தார். "ஆண்டி, அது ஆள் இல்லே, மதில்" என்கிறார். இருநூறைத் தாண்டினால் இன்னும் நல்லதாம். அது உன் கையில்தான் இருக்கிறது. கையை நீட்டிப் பரிமாறு. உன் குழம்பைத் தின்று உடம்பு வைக்கக்கூடிய பிள்ளை கோடியில் ஒன்று, விட்டுவிடாதே.

இப்போது துரை என்னைக் கண்டால் காரை நிறுத்துகிறார். கங்காணிமார் பார்க்கிறார்கள். நான் வேண்டுமென்றே மெதுவாகப் பேசுகிறேன்.

முத்துலிங்கத்துக்கு ஒன்றும் பயமில்லை என்று சொல். நான் இருக்கிறேன்.

ஆண்டியப்பன்


கண்டி
17.9.1961

மச்சான் அவர்களுக்கு, நாங்கள் நலம். உங்கள் நலமும் அக்கா நலமும் அறிய ஆசை.

மர்சூக் தம்பி இருநூறைத் தாண்டிவிட்டார். வார்டனுக்குத் தெரியாமல் இரண்டாம் முறையும் சோறு போடுகிறேன். ராத்திரி முத்துலிங்கத்துக்கு என்று எடுத்துவைக்கிற மீன் துண்டையும் சில நாள் அவருக்கே வைத்துவிடுகிறேன். முத்துலிங்கம் முகம் கோணுவதில்லை. "குடுங்கப்பா, மாமா கேட்ட ஆளாச்சே, மாமா பேரு கெட்டுப்போயிரக் கூடாது" என்கிறான்.

அவனுக்கு ஒரு வெள்ளைக் காற்சட்டை தைத்துவிட்டோம். ஆபீசில் போய் நிற்கும்போது மரியாதையாக இருக்க வேண்டுமே. போட்டுப் பார்த்து மடித்து, பாய்க்குக் கீழே வைத்துப் படுக்கிறான், மடிப்பு நிற்பதற்காக. துரை எப்போது வந்து பார்க்கச் சொல்கிறார் என்று எழுதினால், நான் லீவு கேட்க வசதியாக இருக்கும்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்
செல்லசாமி


அட்டன்
20.12.1961

மாப்பிள்ளை செல்லசாமிக்கு, நானும் உன் அக்காவும் சுகம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

உன் கடிதம் வந்து மூன்று மாதம், பதில் எழுதவில்லை. கையில் சுகமில்லை என்று எழுதலாமா என்று யோசித்தேன். கை நன்றாகத்தான் இருக்கிறது.

மைதானத்தில் நிறைய வேலை. மண் சரிந்து ஒரு மூலை போய்விட்டது. உருளையை இழுக்கிற எருமைக்குக் காலில் முள். அதற்கு மருந்து கட்டப் போன எனக்கு உதை. வைத்தியர் எருமையைப் பார்த்துவிட்டுத்தான் என்னைப் பார்த்தார். பெவிலியன் கூரைக்குப் புதுத் தகரம் போட்டிருக்கிறார்கள், இனி மழை பெய்தால் பேசுகிறது கேட்காது. கிறிஸ்மஸுக்குக் கிளப் முழுக்கச் சவுக்குக் கிளை கட்டினோம். இதெல்லாம் உனக்கு எதற்கு?

மர்சூக் வந்து துரையைப் பார்த்துவிட்டுப் போனார். ஆபீசில் வேலை போட்டுக் கொடுத்துவிட்டார்கள். தை மாதம் வருகிறார். முத்துலிங்கத்தின் காரியம் இந்த முறை சரிவரவில்லை. இடம் ஒன்றுதான் இருந்தது. துரை என்னையும் கூப்பிட்டுக் கேட்டார். நானும் சொன்னேன்.

எழுத இன்னும் இருக்கிறது. தபால்காரர் வருகிற நேரமாகிவிட்டது.

ஆண்டியப்பன்


கண்டி
2.1.1962

மச்சான் அவர்களுக்கு, உங்கள் கடிதம் கிடைத்தது. எருமை உதைத்த இடம் இப்போது எப்படி இருக்கிறது? நல்லெண்ணெயைச் சூடாக்கித் தடவுங்கள்.

முத்துலிங்கத்தின் காரியத்தை நினைத்து நீங்கள் மனம் நோகக் கூடாது. எழுத்திலேயே உங்கள் வருத்தம் தெரிகிறது. நீங்கள் அவனுக்காக எவ்வளவு வாதாடியிருப்பீர்கள் என்று எங்களுக்குத் தெரியாதா? அவனும் அதையேதான் சொன்னான். "மாமா பேசியும் நடக்கலன்னா அது நடக்காததுதான்." இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை, பிறகு எழும்பிவிட்டான். இப்போது எனக்குத் துணையாகக் குசினியில் விறகு பிளக்கிறான். மர்சூக் தம்பிக்காவது கிடைத்ததே, அதுவும் நம் வீட்டுப் பிள்ளை மாதிரித்தான்.

நாகலெட்சுமி மாசிக் கருவாட்டில் சம்பல் செய்து தகரப் பேணியில் அனுப்புகிறாள். உங்களுக்குப் பிடிக்கும் என்று மிளகாய் கூடப் போட்டிருக்கிறாள். பொங்கலுக்கு அக்காவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

உங்கள் அன்புள்ள
செல்லசாமி


அட்டன்
28.5.1962

மாப்பிள்ளைக்கு, எல்லோரும் சுகமா? பொங்கலுக்கு வரவில்லை, சித்திரைக்கும் வரவில்லை. கோபமாக இருப்பாய், இல்லாவிட்டாலும் கோபித்துக்கொள்.

போன சனிக்கிழமை பொகவந்தலாவைப் பக்கத்து ஆட்களோடு மேட்ச். மர்சூக் முன் வரிசையில் நடுவில் நின்றார். குனிந்தார்கள், கோத்தார்கள், முட்டினார்கள். ஒரு நிமிசம் இரண்டு பக்கமும் அசையவில்லை. பிறகு நம் ஆட்கள் முன்னால் போனார்கள், மாப்பிள்ளை! ஓர் அடி, இன்னோர் அடி. எதிரிகளின் சப்பாத்து என் கோட்டை அழித்துக்கொண்டு போனது. வெற்றி நமக்குத்தான். துரைமார் தொப்பியை மேலே எறிந்தார்கள். சின்னத்துரை எல்லோருக்கும் முன்னால் என் தோளில் கை போட்டு, "இவன்தான் ஆளைக் கண்டுபிடிச்சது" என்றார்.

நான் இந்த ஒரு தள்ளலைப் பார்க்கத்தான் நாலு வருசம் காத்திருந்தேன். பார்த்துவிட்டேன். வீட்டுக்கு வந்து சோற்றின் முன்னால் உட்கார்ந்தேன். தங்கச்சி அனுப்பிய சம்பல் பேணி இன்னும் மூடி திறக்காமல் இருக்கிறது. "கெட்டுப்போகுது, ஏன் தொடமாட்டேங்கிறீங்க?" என்று உன் அக்கா கேட்கிறாள். வயிறு சரியில்லை என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

மர்சூக் அடுத்த வாரம் கண்டிக்கு வருகிறார், உன்னைப் பார்த்து நன்றி சொல்ல வேண்டுமாம். கொஞ்சம் தேயிலை கொடுத்துவிடுகிறேன்.

ஆண்டியப்பன்


கண்டி
17.6.1962

மச்சான் அவர்களுக்கு, சுகம். அக்கா சுகத்துக்கு எழுதவும்.

தேயிலை கிடைத்தது. மர்சூக் தம்பி பழையபடி குசினியில் உட்கார்ந்து சாப்பிட்டார். கிளப்பில் பகிடிக்குப் பஞ்சமில்லை என்று சொன்னார். ஒரு பகிடியை எல்லாத் துரைமாரும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்களாம், எங்களுக்கும் சொல்லிக்காட்டினார். தோட்டத்தில் வேலை கேட்ட யாரோ ஒரு மெலிந்த பையனைப் பற்றியது. நீங்கள் சொன்னதாம்.

யார் அந்தப் பையன் என்று தம்பிக்குத் தெரியாது. முத்துலிங்கம் விறகை இறக்கிவைத்துவிட்டு, இவ்வளவு நேரமும் பக்கத்தில்தான் நின்றான். தம்பி சிரித்தபோது அவனும் மரியாதைக்குச் சிரித்தான்.

வேறு விசேஷம் இல்லை.

செல்லசாமி


அட்டன்
20.6.1962

செல்லசாமிக்கு,

சுகம் விசாரிக்க எனக்கு முகம் இல்லை. நடந்ததை எழுதிவிடுகிறேன்.

மார்கழியில் ஒரு நாள் பெவிலியனில் சின்னத்துரை, பெரிய கிளாக்கர், வேறு இரண்டு துரைமார் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் பந்துகளைக் கொண்டுபோய் வைத்தேன். துரை கூப்பிட்டார். "ஆண்டி, ஒரு இடம், ரெண்டு மனு. ஒண்ணு மர்சூக், ஒண்ணு உன் மருமகன். உன் மருமகன்தான் கணக்கிலே கெட்டின்னு பெரிய கிளாக்கர் சொல்றார். நீ சொல்லு, அவன் எப்படி ஆள்?"

நீ எழுதிக் கொடுத்த பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. கணக்கில் கெட்டி, கையெழுத்து அச்சு மாதிரி. பெரிய கிளாக்கரே நம் பக்கம் நிற்கிறார், நான் தலையை ஆட்டியிருந்தால் போதும். ஆனால் நாலு பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். சிரிக்கத் தயாராக இருந்தார்கள், மாப்பிள்ளை. யாராவது அப்படித் தயாராக இருந்தால் எனக்கு வாய் நிற்காது. அதோடு அந்த ஸ்க்ரமும் கண்ணுக்கு முன்னால் வந்தது. உன்னிடம் பொய் சொல்லக் கூடாது, அதுவும் வந்தது.

"கூடையோட, மழையில ஊறி, நிறுவையில ஏறி நின்னாலும் நூறு ராத்தல் தேறமாட்டான் தொரை. தண்ணிக் கழிவு வெட்டினா சட்டைதான் மிஞ்சும்" என்றேன்.

சிரித்தார்கள். சின்னத்துரை மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். பெரிய கிளாக்கர் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு மனுவை எடுத்து மற்றதற்குக் கீழே வைத்தார்.

உன் கடிதத்தை உன் அக்காவுக்கு வாசித்துக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். கூடையை இறக்கி வைத்துவிட்டு, "நம்ம கொழுந்துக்கு அவங்க போடுற கழிவ, நம்ம பிள்ளைக்கு நீங்க போட்டீங்களா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு பேசவில்லை. இந்த முறை நிம்மதியாக இல்லை.

நேற்றுத் துரையிடம் போய், அது விளையாட்டுக்குச் சொன்னது, பையன் தங்கமான பையன், கிளாக்கர் வேலைக்கு அவனை விட ஆள் கிடையாது என்று சொன்னேன். "தெரியும் ஆண்டி, நல்ல ஜோக்" என்றார்.

மன்னிக்கச் சொல்லவில்லை. ஒரு வரி எழுது. திட்டி எழுது.

ஆண்டியப்பன்


கண்டி
19.8.1962

மச்சான் அவர்களுக்கு,

அக்காவுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டோம். கொத்தமல்லி அவித்துக் கொடுக்கவும்.

முத்துலிங்கம் நுவரெலியாவில் ஒரு மரக்கறி மண்டியில் சேர்ந்திருக்கிறான். மூட்டை நிறுத்து எடை எழுதுகிற வேலை. வெள்ளைக் காற்சட்டை அங்கே தேவைப்படாது என்று வைத்துவிட்டுப் போனான்.

மர்சூக் தம்பி விஷயத்தை அறிந்து, வேலையை விட்டுவிடுவதாக எழுதியிருந்தார். விட வேண்டாம் என்று பதில் போட்டேன். அவர் மேல் என்ன பிழை? ஊட்டி வளர்த்தவன் நான்.

செல்லசாமி


அட்டன்
23.9.1962

மாப்பிள்ளை செல்லசாமிக்கு, ஆண்டியப்பன் எழுதுவது. உன் அக்காவுக்குக் காய்ச்சல் விட்டது. உனக்கு அதை எழுதச் சொன்னாள். என்னோடு அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை நுவரெலியாவுக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்துபோகும்போது நல்ல மழை, தொப்பலாக நனைந்துவிட்டேன். மண்டியில் முட்டைக்கோவா, கரட், லீக்ஸ் எல்லாம் மலைமாதிரி. முத்துலிங்கம் தராசுக்குப் பக்கத்தில் காதில் பென்சில் செருகிக்கொண்டு நின்றான். கொழும்பு லொறிக்குக் கோவா மூட்டை ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் மெலிந்திருக்கிறான். என்னைக் கண்டதும், "வாங்க மாமா, அத்தைக்கு எப்படி இருக்கு?" என்றான்.

பஸ்ஸில் வரும்போது பேச்சை மனப்பாடம் பண்ணி வைத்திருந்தேன். "மருமகனே, நான் அன்னைக்கு..." என்று தொடங்கினேன். அவன் கையைக் காட்டி, "ஏறுங்க மாமா" என்றான். "எதில?" என்றேன். "தராசுல." மூட்டை தூக்குகிறவர்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். ஏறி நின்றேன். படிக்கல்லைப் போட்டு எடையைச் சத்தமாகச் சொன்னான். "மாமா மழையில நனைஞ்சு வந்திருக்காரு. தண்ணிக் கழிவு அஞ்சு ராத்தல் வெட்டு" என்றான். அத்தனை பேரும் சிரித்தார்கள். நல்ல பகிடி, மாப்பிள்ளை. நானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். அவர்கள் சிரித்து முடியும்வரை நான் மேலேயே நின்றேன். இறங்கினால் தப்பிப்போன மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது.

அவன் சிரிக்கவில்லை. இறங்கும்போது கை கொடுத்தான், தராசு ஆடும் என்பதற்காக. பிறகு தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தான். மனப்பாடம் பண்ணி வந்ததை நான் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. பஸ் ஏற்றிவிடும்போது மட்டும், "மாமா, அந்தச் சம்பல் பேணியத் தொறந்தீங்களா? அம்மா கேக்கச் சொன்னாங்க" என்றான். வந்ததும் திறந்தேன். பூஞ்சணம் பிடித்திருந்தது. மேலே வழித்துவிட்டுத் தின்றேன்.

மற்றது, அவன் சத்தமாகச் சொன்ன எடையை, பக்கத்தில் நின்ற லொறி ஆள் ஒரு மூட்டை என்று நினைத்துத் தன் துண்டில் எழுதிவிட்டானாம். லொறி அப்படியே போய்விட்டது. கோவாவில் ஓர் ஆள் எடை குறைகிறது என்று கொழும்பு முதலாளி தந்தி அடித்திருக்கிறார். அதுவும் தண்ணிக் கழிவு அஞ்சு ராத்தல் போகத்தான். அதற்கு முத்துலிங்கத்தின் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்று மண்டிக்காரரிடம் போய் நின்று, என் எடைக்கு நானே கோவா வாங்கி, மூட்டை கட்டி, நானுஓயாவில் கொழும்பு ரயிலில் ஏற்றினேன். ஏற்றினது எதிர்ப்பக்கம் போகிற பதுளை ரயில்.

இப்படிக்கு
ஆண்டியப்பன்